பக்கத்து மொழிப் பேய்: நம் கதைகளில் மனநோய்

1993-இல் ஃபாஸில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். பழைய தறவாட்டு வீட்டின் பூட்டிய அறையிலிருந்து கங்காவின் மேல் வந்து இறங்கும் நாகவல்லி மலையாளி அல்ல. தஞ்சாவூர் நாட்டியக்காரி. வெறி ஏறியதும் கங்கா தன் மலையாளத்தை விட்டுவிட்டுத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவாள். இந்தக் கதை 2004-இல் 'ஆப்தமித்ரா' என்று கன்னடத்துக்குப் போனபோது நாகவல்லி தெலுங்கு பேசினாள். அதை எடுத்த பி. வாசுவே 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். அதிலும் நாட்டியக்காரி ஆந்திரத்திலிருந்து வந்தவள், தெலுங்கில் பாடுகிறவள். 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார். அங்கே அவள் பெயர் மஞ்சுளிகா, பேசுவது வங்காளம்.

ஆக மலையாளிக்குப் பேய் தமிழச்சி. கன்னடத்தாருக்கும் நமக்கும் தெலுங்குக்காரி. இந்திக்காரருக்கு வங்காளி. கதை ஒன்று, நோய் ஒன்று, நோயாளியும் கிட்டத்தட்ட ஒரே பெண். ஊருக்கு ஊர் பேயின் மொழி மட்டும் மாறிக்கொண்டே போகிறது. மூன்று இயக்குநர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. நோயாளி அரைகுறையாகப் புரிகிற மொழியில் பேசினால்தான் திகில் எடுக்கும், அது ஒரு சினிமா உத்தி, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த உத்தி எங்கே போனாலும் பலிக்கிறதே, அதுதான் யோசிக்க வைக்கிறது. கிறுக்கு என்பது நம் வீட்டு மொழியில் பேசாது, அது பக்கத்து ஊரிலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது என்ற எண்ணம் எல்லா மொழிக்காரர்களுக்கும் ஏற்கனவே இருக்கிறது. சினிமா அதைக் கண்டுபிடிக்கவில்லை, எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது. மொழிகளுக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்துகிற நமக்கு, நாமே யாரோ ஒருவருக்குப் பக்கத்து மொழிக்காரர்கள் என்று தெரியும். அதனால் இதை நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

குறை சொல்வதற்கு முன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'இது பேய் இல்லை, மனநோய். வைத்தியம் உண்டு' என்று ஒரு டாக்டர் கதாபாத்திரம் நின்று விளக்கிச் சொல்லி, அதை லட்சக்கணக்கானோர் கைதட்டிப் பார்த்தது சாதாரணக் காரியமல்ல. 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. கணவன் அவளைத் தள்ளிவைக்காமல் பக்கத்தில் நிற்கிறான். குணமானபின் வீடு அவளைத் திரும்ப ஏற்றுக்கொள்கிறது. இந்த இரண்டும் நம் படங்களில் அபூர்வம்.

மலையாள மூலத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. கங்காவின் அப்பா அம்மா கல்கத்தாவில் பிழைக்கப் போனவர்கள். குழந்தையை ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். வளர்ந்தபின் திடீரென்று வந்து அழைத்துப் போகப் பார்க்கிறார்கள். அந்தப் பிடுங்கலில்தான் அவள் மனசு முதலில் ஆட்டம் காண்கிறது என்று டாக்டர் சொல்கிறார். வேலைக்காக வெளி மாநிலம் வந்து, பிள்ளையைக் கொஞ்ச காலம் ஊரில் விட்டுவைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! நமக்கு அந்த இடம் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தமிழில் பார்த்த நமக்கு நினைவில் நிற்பதென்னவோ கண்ணை உருட்டும் ஜோதிகாதான்.

இந்தப் படங்கள் சறுக்குவது வைத்தியத்தில். மனநல டாக்டரும் மந்திரவாதியும் கை கோத்து, ஒரே ராத்திரியில், தீயும் பொம்மையும் வைத்து நோயைத் தீர்த்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் அவள் தலைவாரிப் பொட்டு வைத்துச் சிரிக்கிறாள். வீட்டில் மனநோயாளியை வைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். அங்கே திருவிழா ராத்திரி எதுவும் வராது. தினம் இரவு ஒன்பது மணி மாத்திரைதான் உண்டு. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் கொடுத்து மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பவும் வரக்கூடும். சர்க்கரை வியாதிக்கு இதையெல்லாம் செய்கிற நாம், இதற்குச் செய்யக் கூச்சப்படுகிறோம். ஒரு ராத்திரியில் தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிற குடும்பம், மூன்று மாதத்தில் தீரவில்லை என்றதும் டாக்டரை மாற்றும், பிறகு கோயிலை மாற்றும்.

'சந்திரமுகி' வந்து இரண்டு மாதத்தில் அதே 2005-இல் ஷங்கரின் 'அந்நியன்' வந்தது. வசனம் சுஜாதா. பெயரைக் கவனியுங்கள். நோய்க்கு வைத்த பெயரே 'அந்நியன்'. திருவல்லிக்கேணி அம்பி நம்மவன், கொலை செய்கிறவன் அந்நியன். பன்முக ஆளுமை என்கிற அபூர்வமான, மருத்துவர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிற ஒரு நிலையை எடுத்துக்கொண்டு, அதைக் கருட புராணத் தண்டனைகளோடு முடிச்சுப் போட்டார்கள். கடைசிக் காட்சி இன்னும் மோசம். சிகிச்சை முடிந்து குணமாகி வந்தவன், ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு குடிகாரனைத் தள்ளிவிடுகிறான். நாம் கை தட்டினோம். குணமானேன் என்று எவன் சொன்னாலும் நம்பாதே என்பதுதானே அதற்கு அர்த்தம்? 1978-இல் 'சிகப்பு ரோஜாக்கள்', 1980-இல் 'மூடுபனி', 2001-இல் 'ஆளவந்தான்' என்று இந்தக் கொலைகார வரிசை நீளம். கலையாக இவற்றில் சில நல்ல படங்கள், அதில் சந்தேகமில்லை. 'மூடுபனி'யில் பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு ஒன்று போதும். ஆனால் நிஜத்தில் மனநோயாளி அடிப்பதைவிட அடிபடுவதே அதிகம் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. திரையில் அதற்கு இடமில்லை.

அடிபடுகிறவனைக் காட்டிய படம் ஒன்று உண்டு. பாலாவின் 'சேது', 1999 டிசம்பர். தலையில் அடிபட்டுப் புத்தி பேதலித்த சேதுவை ஒரு மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மொட்டைத் தலை, காலில் சங்கிலி, சுற்றிலும் அவனைப் போலவே கட்டிவைக்கப்பட்டவர்கள். படம் பார்த்து அழாதவர்கள் குறைவு. எதற்காக அழுதோம்? காதல் கைகூடவில்லையே என்று அழுதோம். விக்ரம் நடிப்பைப் பாராட்டினோம். அந்தச் சங்கிலி நமக்கு சோகத்தின் அலங்காரமாகத்தான் பட்டது. பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் யார், அவர்களை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இருபது மாதம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏர்வாடியோ குணசீலமோ போகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. வேறு கதவு திறக்காதபோது மனிதர்கள் தட்டுகிற கதவு அது. பிரார்த்தனையும் மாத்திரையும் ஒரே வீட்டில் இருக்கலாம். நான் கேட்பது வேறு. வெளியூரில் இருக்கிற நாம் நோயாளியை 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்று சொல்கிறோமே, அந்த வாக்கியத்துக்குள் என்ன இருக்கிறது? தில்லியில் எங்கள் பகுதியில் ஒரு குடும்பம். இரண்டாவது பையன் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினான், அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆறு மாதம் கழித்து, 'தாத்தா வீட்டிலிருந்து படிக்கிறான்' என்றார்கள். யாரும் மேலே கேட்கவில்லை, கேட்காததே நாகரிகம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரிய ஊரில், நல்ல ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில் இருந்த பையன், சங்கத்துக் கண்களிலிருந்து தப்புவதற்காக, டாக்டரே இல்லாத இடத்துக்குப் போனான்.

பெயர்களிலும் இதே தள்ளிவைத்தல்தான். சென்னையில் ஒருவனைத் திட்ட 'கீழ்ப்பாக்கம்' போதும். ஐதராபாத் வந்தால் அது எர்ரகட்டா. திருவனந்தபுரத்தில் ஊளம்பாறை, கோழிக்கோட்டில் குதிரவட்டம். வடக்கே ஆக்ரா, ராஞ்சி, இங்கே தில்லியில் ஷாதரா. பாஷை தெரிவதற்கு முன்பே நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டு வருகிற ஊர்ப்பெயர்கள் இவைதான். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தொடக்கம் 1794. அங்கே 1961 முதல் 1978 வரை தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 2021-இல் காலமானார். கீழ்ப்பாக்கம் என்றதும் அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவு வரும்? நகைச்சுவைக் காட்சிகள்தான் வரும்.

வார்த்தைகளும் அப்படியே. பித்தத்திலிருந்து வந்தது பித்து. சிவனையே பித்தன் என்று விளித்துத்தான் சுந்தரர் தம் முதல் பதிகத்தைத் தொடங்கினார், அந்தச் சொல்லில் ஒரு காலத்தில் பிரியமும் இருந்தது. இன்றைக்கு நம் வாயில் இருப்பது லூசு, மெண்டல், கேஸ், கழண்டது. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'கொஞ்சம் நெர்வஸ்', 'நரம்புத் தளர்ச்சி', 'மனசு சரியில்லை'. பத்திரிகைகளோ அலுவலக நெருக்கடிக்கும் 'மன அழுத்தம்' என்கின்றன, எழுந்து பல் துலக்கவே முடியாத நோய்நிலைக்கும் 'மன அழுத்தம்' என்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், 'எனக்கும்தான் டென்ஷன், நான் என்ன படுத்தா கிடக்கிறேன்?' என்று அப்பா கேட்பதில் ஆச்சரியமென்ன? மனச்சோர்வு நோய் என்று தனியாகச் சொல்லிப் பழக வேண்டும்.

நல்ல படைப்பு என்ன செய்யும் என்பதற்கு 'மூன்றாம் பிறை'யின் (1982) கடைசிக் காட்சியைச் சொல்லலாம். விபத்தில் குழந்தை மனசுக்குத் திரும்பிவிட்ட பெண் நாட்டு வைத்தியத்தில் ஒரே நாளில் குணமாவது நம்பும்படி இல்லை, அதை விட்டுவிடுங்கள். அவளைக் காப்பாற்றியவன் ரயில் நிலையத்தில் தன்னை நினைவுபடுத்த என்னென்னவோ செய்கிறான், குரங்கு மாதிரி குதிக்கிறான். அவள் யாரோ பைத்தியக்காரப் பிச்சைக்காரன் என்று நினைத்துச் சாப்பிட எதையோ வீசிவிட்டுப் போகிறாள். நேற்றுவரை 'சரியில்லாதவள்' என்று சொல்லப்பட்டவள், இன்று ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து இன்னொருவனுக்கு அதே முத்திரையைக் குத்துகிறாள். ஜன்னலுக்கு உள்ளே, வெளியே என்பதுதான் வித்தியாசம். இந்தியில் 'சத்மா'வாக வந்தபோதும் (1983) பாலு மகேந்திரா இதை விடவில்லை.

ஐஸ்வர்யா தனுஷின் '3' (2012) இன்னொரு நேர்மையான முயற்சி. இருமுனை மனநோய் உள்ள ராம் அதை மனைவியிடமிருந்து மறைக்கிறான். மறைக்க நண்பன் துணை. தற்கொலையில் முடிகிறது. இரண்டாம் பாதி தடுமாறுகிறது, மனத்தோற்றங்களைக் காட்டுவதில் மிகை இருக்கிறது. ஆனால் நோயைவிட மறைப்புதான் ஆளைத் தின்கிறது என்ற இடத்தைப் படம் தொட்டுவிடுகிறது. ஜாதகம் பார்க்கிற நம் வீடுகளுக்கு இது புதிதா? 'குடும்பத்தில் யாருக்காவது அந்த மாதிரி…' என்று பெண் வீட்டார் இழுக்க, 'சேச்சே' என்று நாம் முந்திக்கொள்கிறோம். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் நடக்கும் கல்யாணங்கள் இருவரைச் சேர்த்து நோகடிக்கின்றன. மருந்தை ஒளித்துச் சாப்பிட வேண்டியிருப்பவர் ஒருநாள் சாப்பிடாமல் விட்டுவிடுவார்.

இனிப் புத்தகங்கள். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' (1973) நாவலில் கிருஷ்ணராஜபுரத்துக்கு உடுப்பில்லாமல் வந்து சேர்கிறாள் ஒரு பெண். ஊர் வேடிக்கை பார்க்கிறது. ஹென்றி அவளுக்கு இடம் கொடுக்கிறான், பேபி என்று கூப்பிடுகிறான். அவள் யார், என்ன நடந்தது என்று துருவுவதில்லை. அவளைத் திருத்திக் காட்டுகிற ஆசையும் அவனுக்கு இல்லை. கடைசியில் அவள் போய்விடுகிறாள். அழகான பகுதி. ஆனாலும் பேபி வெளியிலிருந்து வந்தவள், வெளியே போய்விடுகிறவள். அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்பது நமக்குக் கிடைக்காது.

உள்ளே என்ன ஓடுகிறது என்று எழுதியவர் எம்.வி. வெங்கட்ராம். கும்பகோணத்துக்காரர், பட்டு வியாபாரம் பார்த்தவர், மணிக்கொடியில் இளைஞராக எழுத வந்தவர். அவருடைய 'காதுகள்' நாவலுக்கு 1993-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. விருது கிடைத்த தமிழ் நாவல்களில் இதைப் போல் படிக்கப்படாமல் மரியாதை செய்யப்பட்டது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். மகாலிங்கம் என்ற எழுத்தாளனின் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, ஒரு நாடகக் கம்பெனியே வந்து குடியேறின மாதிரி. ஆபாசம், ஏளனம், அதிகாரம், சில சமயம் சிரிப்புக்கூட. வெளியே தொழில் நசிந்து வறுமை, பெண்டாட்டி பிள்ளைகள், கடன். உள்ளே இந்தக் கூச்சல். அவன் பிடித்துக்கொண்டிருப்பது முருகனை மட்டும். இது தம் சொந்த அனுபவம் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை.

இதில் என்னை மிகவும் கவர்வது அந்த நிதானம். என்னைப் பார்த்து இரக்கப்படு என்று ஒரு வரிகூடக் கேட்பதில்லை. அந்தக் குரல்கள் சொன்ன அசிங்கத்தை அசிங்கமாகவே எழுதிவைக்கிறார். இது நோயா, சோதனையா, தேவதைகளின் போரா என்று அவர் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்வதில்லை. அதை ஆன்மிகப் போராட்டமாகவே அவர் உணர்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மருத்துவம் படித்தவர்களுக்கு இது குறையாகப் படலாம். எனக்கும் சில பக்கங்களில் அலுப்புத் தட்டியது, குரல்கள் ஒரே சுற்றில் சுழல்கின்றன. பிறகு தோன்றியது, கேட்கிறவனுக்கு அப்படித்தானே இருக்கும்? நமக்குப் புத்தகத்தை மூட முடிகிறது.

கோபிகிருஷ்ணன் (1945–2003) வேறு விதம். மனநோயை அனுபவித்தவர், அந்தத் துறையில் வேலையும் பார்த்தவர். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' மனநல மருத்துவமனையில் இருப்பவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்வது போன்ற தொகுப்பு. சிலருடைய பேச்சு நமக்குச் சிரிப்பு மூட்டும். சிரித்து முடித்தபின், இதையேதான் போன வாரம் நம் மாமா கூடத்தில் உட்கார்ந்து பேசினார், அவரை யாரும் எங்கேயும் சேர்க்கவில்லையே என்று தோன்றும். அரிய கிண்டல் அது, தன்னையும் விடாத கிண்டல். வாழும் காலத்தில் அவரை வாசித்தவர்கள் மிகச் சிலர்.

இந்த இரண்டு புத்தகங்களும் 'சந்திரமுகி'க்கு நேர் எதிரான ஒரு காரியத்தைச் செய்கின்றன. இங்கே பேய் பக்கத்து மொழியில் பேசவில்லை, நம் சொந்தத் தமிழில், கும்பகோணத்துத் தமிழில் பேசுகிறது. நிம்ஹான்ஸ் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. பத்தில் ஒருவர் என்றால் ஆண்டு விழாவில் நாம் உட்காரும் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர்.

வெளி மாநிலத்தில் இருக்கிற நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காய்ச்சலை எந்த மொழியிலும் சொல்லிவிடலாம். காதில் கேட்கும் குரலை அது பேசுகிற மொழியில்தான் சொல்ல முடியும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவையில் (எண் 14416) தமிழும் உண்டு, இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. நேரில் போகும்போது நடப்பது வேறு. டாக்டர் இந்தியில் கேட்கிறார். இருபது வயதுப் பையன், வீட்டில் தமிழே பேசி வளர்ந்தவன், தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் குரல் தன்னை என்ன சொல்லித் திட்டுகிறது என்று முதல் முறையாக வாய்விட்டுச் சொல்கிறான். வெங்கட்ராம் பக்கம் பக்கமாக எழுதிவைத்த மாதிரியான வார்த்தைகள். பக்கத்து நாற்காலியில் அப்பா. அவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அவர் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, "ராத்திரி சரியாகத் தூக்கம் வருவதில்லை என்கிறான் டாக்டர்" என்கிறார்.